இடி இடித்த பாராட்டு விழா

இடி மின்னலை ஆராய்வதிலேயே ஆயுளைக் கழித்த என் அக்காவுக்கு வாழ்நாள் சாதனையாளர் விருது கிடைத்தது. பொகவந்தலாவைப் பக்கம், நாங்கள் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். அதையும் வேலை நாளில் வைத்தார்கள். பெண்களெல்லாம் மலையில் கொழுந்து பறிக்க, மண்டபத்தில் தலைவர்கள் மாறி மாறிப் பொன்னாடை போர்த்தினார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது.

தூரத்தில் இடி கேட்டதும் அக்கா எழுந்துவிட்டாள். "மலையில இருக்கவங்கள மொதல்ல இறக்குங்க."

"இன்னும் கொழுந்து நிறுக்கலீங்களே," என்று இழுத்தார் கங்காணி.

"அப்ப நானும் மலைக்கே போறேன்."

கங்காணி ஓடினார். கொஞ்ச நேரத்தில் பெண்கள் கூடையும் ஈரமுமாக மண்டபத்துக்குள் வந்தார்கள். ஒருத்தி கேட்டாள், "இதுக்கா தாயி ஒனக்கு விருது குடுத்தாங்க?"

"இதுக்குத்தாங்க," என்று அவள் தலை துவட்ட ஒரு பொன்னாடையை நீட்டினாள் அக்கா. அத்தனை பொன்னாடையில் அது ஒன்றுதான் உபயோகப்பட்டது.