சப்பையின் மகள்

முட்டையை ஜன்னல் விளிம்பில் நிறுத்தி, அதன் பக்கத்தில் ஒரு பல்லைப் பிடித்துப் பார்க்கிறார் பல்செட் அக்கா. தலையைச் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கி, உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்துவிட்டு அடுத்த பல்லுக்குப் போகிறார். பொய்ப்பல் செய்யும் இடங்களில் நிறம் பார்ப்பதற்கென்று மாதிரிப் பற்களை வரிசையாகக் கோர்த்த பட்டை ஒன்று உண்டு. அப்படிக் கழித்துப்போட்ட பட்டை ஒன்றை எடுத்து வந்து அடுப்படி ஜன்னல் கம்பியில் மாட்டியிருக்கிறார். முதல்முறை வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தப் பல்வரிசையைப் பார்த்துவிட்டு, டீ வேண்டாம் என்று சொல்வதுண்டு.

“டீச்சர் முட்டைக்கு இந்த வாரம் சாயம் வெளுத்துக்கிட்டே வருது. இனிமே இறகு கொட்டப் போறா பாருங்க” என்கிறார். டீச்சர் என்பது ஒரு கருப்புக் கோழி. வகுப்பை ஒரு சுற்றுச் சுற்றி வருகிற நடை என்பதால் அந்தப் பெயர்.

அக்கா வேலை பார்ப்பது பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள ஒரு மாடியறையில். பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அக்கா மெழுகில் ஈறு கட்டி, பல் பதித்து, ராவி, மெருகேற்றி அனுப்புவார். நகக்கண்ணில் எப்போதும் இளஞ்சிவப்புத் தூள் இருக்கும். பேசும்போது எதிராளியின் கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைத்தான் பார்ப்பார். “கல்யாணத்துக்கு முன்னாடி என்னைப் பார்த்துப் பேச வெட்கப்படறான்னு நினைச்சு உருகிப்போயிட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, என் கடைவாய்ப் பல்லைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கா” என்பார் அவர் வீட்டுக்காரர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். கேலி பேசாவிட்டால் அவருக்கு வண்டி கிளம்பாது.

நிற விஷயத்தில் மட்டும் அக்காவிடம் யாருடைய பேச்சும் எடுபடாது. தும்பைப் பூவாய் வெளுத்த பல் வேண்டும் என்று கேட்டு வந்த பெரியவரிடம், “வெச்சுத் தரலாம் ஐயா. நீங்க வர்றதுக்கு முன்னாடி அது வரும், பரவாயில்லையா?” என்று கேட்டார். ஒருமுறை முன்பல் ஒன்றில் ஒரு மயிரிழை மஞ்சள் கூடிவிட்டது. டாக்டருக்குத் தெரியவில்லை, போட்டுக்கொண்டவருக்கும் தெரியவில்லை. அக்கா தானே போன் செய்து திரும்ப வாங்கி, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தார். யார் கண்ணில் படப் போகிறது என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு, “என் கண்ணுல பட்டுடுச்சே” என்றார்.

கோழிகள் இருப்பது வீட்டின் பின்புறம், துவைக்கிற கல்லுக்கும் மதிலுக்கும் நடுவே. ஒன்றுக்கும் இன்ன இனம் என்று கிடையாது. “எல்லாம் காதல் கல்யாணம். யார் வீட்டுப் பொண்ணு, யார் வீட்டுப் பையன்னு கேட்டா எனக்கே தலை சுத்தும்” என்கிறார். கழுத்தில் இறகே இல்லாதது ஒன்று, காலில் சிப்பாய்போல் இறகு கட்டியது ஒன்று. ஆனால் முட்டைத் தட்டை ஏந்தி அவர் உள்ளே வரும்போது பார்க்க வேண்டும். கடையில் வாங்குகிற முட்டை எல்லாம் சீருடை அணிந்திருக்கும். இவை திருவிழாக் கூட்டம். டீச்சர் இடுவது கருஞ்சாக்லேட் நிறம், மேலே புள்ளி வேறு. மொட்டைக் கழுத்துக்காரி இடுவது ரோஜா கலந்த வெண்மை. எந்த முட்டை யாருடையது என்று அக்கா கேட்க வேண்டியதில்லை. ஒரு நிறம் குறைந்தால் யாருக்கு உடம்பு சரியில்லை என்று அன்றே தெரிந்துவிடும்.

சாயம் போட்டு ஏமாற்றுகிறார் என்று பக்கத்து வீட்டுக்காரி வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தாள். ஒரு நீல முட்டையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தும் பார்த்தாள். அக்கா அவளை உட்காரவைத்து முட்டைகளை உடைத்துக் காட்டினார். காவி முட்டையின் ஓட்டுக்குள்ளே வெள்ளை. நீல முட்டையின் ஓட்டுக்குள்ளேயும் நீலம். “காவி மேல பூசுன சட்டை. நீலம் ஓட்டோட பொறந்தது. நீலத்து மேல காவிச் சட்டை போட்டா, நம்ம கண்ணுக்குப் பச்சை.” பக்கத்து வீட்டுக்காரி ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முட்டைகளை வீணாக்காமல் பொரிக்கச் சொன்னாள்.

அந்த நீல முட்டைக்காரிதான் நீலி. சாம்பல் நிறம், யாரையும் அண்ட விடாத குணம். அக்காவின் காலடியில் மட்டும் வந்து நிற்கும். ஒரு மழைநாளில் கூண்டுக் கதவைச் சரியாகச் சாத்தாததால் தெருநாய் புகுந்துவிட்டது. அன்று அக்கா வேலைக்குப் போகவில்லை. வீட்டுக்காரரும் அன்று கேலி எதுவும் பேசவில்லை. நீலி விட்டுப்போனது இரண்டு சேவல் குஞ்சுகளை. ஒன்று ராஜா வேஷக்காரன்போல் உயர்ந்த செங்கொண்டையோடு வளர்ந்தது. மற்றதற்குக் கொண்டை மண்டையோடு அமுங்கி, யாரோ மிதித்துவிட்டதுபோல் இருந்தது. அதற்குப் பெயர் சப்பை.

இரண்டு சேவல் இருந்தால் ஓயாத சண்டை, ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். அக்கா அழகனைக் கொடுத்துவிட்டுச் சப்பையை வைத்துக்கொண்டார். தெருவே சிரித்தது. “நீலிக்கும் கொண்டை இப்படித்தான் அமுங்கி இருந்துச்சு. இந்தக் கொண்டையும் அந்த நீலமும் பெரும்பாலும் சேர்ந்தேதான் வரும்” என்று அவர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சப்பையோ தன் அழகைப் பற்றிய கவலை இல்லாமல், சாயங்காலம் அவர் வருகிற நேரத்துக்கு மதில்மேல் ஏறி நின்று, தெருமுனையில் அவர் தலை தெரிந்ததும் கூவும். பெற்ற பிள்ளைபோல் என்று சொன்னால் மிகை. ஆனால் பிள்ளை இல்லாத அந்த வீட்டில் அவரைத் தேடி நிற்கிற ஜீவன் அது ஒன்றுதான். அவருக்கு அதன்மேல் உயிர்.

சாயங்காலம் மட்டும் கூவினால் சிக்கலில்லை. சப்பை பகலெல்லாம் கூவும். கோழி முட்டையிட்டால் கூவும், குக்கர் விசில் அடித்தால் பதிலுக்குக் கூவும். வீட்டு மாடியில் ஒற்றை அறையில் வாடகைக்குக் குடியிருக்கும் பெண் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். இரவு டியூட்டி முடிந்து வந்து பகலில்தான் தூங்க வேண்டும். பாவம், வாய் திறந்து குறை சொன்னதில்லை. வீட்டுச் சொந்தக்காரர்களிடம் குடியிருப்பவள் என்னத்தைச் சொல்வாள்? ஒருநாள் தண்ணீர் மோட்டார் போடச் சொல்ல இறங்கி வந்தவளின் காதில் பஞ்சு இருந்ததை அக்கா பார்த்துவிட்டார்.

“நேத்து ஊசி போடப் போன இடத்துல நின்னுக்கிட்டே கண் அசந்துட்டேன் அக்கா. பெரிய நர்ஸ் பாத்துட்டாங்க. இன்னொரு தடவை நடந்தா வேலையில வெச்சுக்க மாட்டாங்க” என்றாள்.

வீட்டுக்காரர் உடனே, “கோழி கூவலைன்னா பொழுது விடியாதா? அனுப்பிடு” என்றார். ஊருக்கு வெளியே தோட்டம் வைத்திருக்கும் நாத்தனார் ஒருவர்தான் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அங்கே ஏற்கெனவே இரண்டு முரட்டுச் சேவல்கள் உண்டு. சப்பை சண்டையில் ஜெயித்ததாகச் சரித்திரமே இல்லை.

அக்கா ஒரு நாள் யோசித்தார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். “நீலி போனப்புறம் அந்த நீலம் இருந்தா இவன் உடம்புலதான் இருக்கணும். இருக்கா இல்லையான்னு இவனைப் பாத்துச் சொல்ல முடியாது. சேவல் முட்டை போடாதே. டீச்சர்கிட்ட இவனுக்குப் பொறந்த பொண்ணுங்க ரெண்டு இருக்கு. அதுங்க முட்டை பச்சையா வந்தா, நீலம் பொண்ணுங்களுக்கு வந்துடுச்சுன்னு அர்த்தம். அன்னிக்கே இவனை அனுப்பிடறேன். அதுவரைக்கும் பொறுத்துக்கோம்மா.”

“பச்சை வரலைன்னா?”

“அடுத்த பொண்ணு. அதுவும் இல்லைன்னா அடுத்த ஈடு குஞ்சு.”

நர்ஸ் மனத்துக்குள் கணக்குப் போட்டது அவள் முகத்திலேயே தெரிந்தது. “சரி அக்கா” என்றாள்.

அதிலிருந்து அந்த வீட்டில் இரண்டு பேர் பெட்டைக் குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் டியூட்டி விட்டு வந்ததும் முதலில் கூண்டைத்தான் எட்டிப் பார்ப்பாள். பெரிய குஞ்சுக்கு முகம் சிவந்தது. முதுகில் கை வைத்தால் இறகை விரித்து உட்காரத் தொடங்கியது. “சட்டுனு போட்டுடும்” என்று அக்கா சொல்வார். சொல்லிவிட்டு அன்று சப்பைக்கு ஒரு பிடி தானியம் கூடுதலாகப் போடுவார்.

மேகம் மூடிய ஒரு காலையில் நர்ஸ் கைப்பையைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்குள் வந்தாள். மாடிப்படிக்கு அடியில் சுருட்டி வைத்திருந்த ரப்பர் குழாயின் நடுவில் கிடந்ததாம். உள்ளங்கையை விரித்தாள். சின்ன முட்டை, ஒரு சொட்டு ரத்தக்கறையோடு. நல்ல கடுங்காப்பி நிறம்.

“போட்டுடுச்சு அக்கா. ஆனா பச்சை இல்லை.”

அக்கா அதை வாங்கி ஜன்னலருகே பிடித்தார். வெளிச்சம் போதவில்லை. மாட்டியிருந்த பற்களில் எதுவும் உதவிக்கு வரவில்லை. “முதல் முட்டைக்குச் சாயம் அதிகம். உடைச்சாத்தான் தெரியும்” என்றார்.

“விடுங்க அக்கா. காப்பிதான். இருந்துட்டுப் போகட்டும் அவனும்” என்று சொல்லி நர்ஸ் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வாசலில் வேனைத் துடைத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரருக்கு இது கேட்டுவிட்டது. “காப்பியா? அப்ப உன் பையனுக்கு ஆயுசு கெட்டி” என்று குரல் கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். கேலிதான். ஆனால் அவருக்கும் சந்தோஷம் என்பது குரலில் தெரிந்தது.

“நீ கண்டெடுத்தது, நீதான் சாப்பிடணும்” என்று அக்கா வெங்காயம் நறுக்கினார், அடுப்பைப் பற்றவைத்தார். திரும்பிப் பார்த்தபோது நர்ஸ் மேசைமேல் கையை மடித்து அதில் கன்னம் வைத்துத் தூங்கிப்போயிருந்தாள். பையின் வார் இன்னும் தோளில் கிடந்தது.

முட்டையைக் கிண்ணத்தின் விளிம்பில் தட்டி உடைத்தார். ஓட்டின் உள்ளே ஒட்டியிருந்த சவ்வை நகத்தால் உரித்து, ஜன்னலுக்கு நேரே தூக்கினார். நீலம். வெளிறிய, துவைத்துக் காயவைத்த துணிபோன்ற அதே நீலம். நீலி போன நாளிலிருந்து அவர் பார்க்காத நீலம். நெஞ்சு நிறைந்து, வீட்டுக்காரரைக் கூப்பிட வாய் திறந்துவிட்டார். அவர் போய்விட்டது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. அதன் பின்னாலேயே தான் கொடுத்த வாக்கும் நினைவுக்கு வந்தது.

மதில்மேல் சப்பை கூவியது. நர்ஸின் புருவம் சுருங்கி, தலை ஒருமுறை புரண்டு, மறுபடி அடங்கியது.

அந்த வீட்டில் முட்டை ஓடுகளைத் தூக்கி எறிவதில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு தகர டப்பா. ஓடுகள் அதில் சேரும், பிறகு நொறுக்கித் தவிட்டோடு கோழிகளுக்கே போகும். அக்கா அந்த ஓட்டை டப்பாவுக்குள் போட்டார். முட்டையைப் பொரித்துத் தட்டில் எடுத்து, ஆறாமலிருக்க மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து, நர்ஸின் முன்னால் சத்தம் வராமல் வைத்தார். கையைக் கழுவினார். துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

பிறகு டப்பாவுக்குள் கைவிட்டு, மற்ற ஓடுகளுக்கு நடுவிலிருந்து அந்த ஓட்டை எடுத்து, முந்தானையால் ஒற்றி, தூங்குகிறவள் கண் திறந்தால் முதலில் தெரிகிற இடத்தில், தட்டுக்கு அருகில், உட்புறம் மேலே இருக்கும்படி வைத்தார்.