தோலில் இரண்டாவது ஸ்டிக்கர்

உரக்கிடங்கில் அவளுக்கு ஸ்டிக்கரக்கா என்றே பேர். பதினோரு வருஷமாகக் காலை ஆறு மணி முதல் இரண்டு மணி வரை பெல்ட் முன்னால் நிற்கிறாள். காய்கறி, பழக் கழிவு அதில் நகர்ந்து வரும். பழத்தோலில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்களை அவள் நகத்தால் பிய்த்தெடுப்பாள், அவை மட்காது. ஒரு வண்டியில் பத்துக்கு மேல் தப்பிவிட்டால், வண்டியே குப்பைமேட்டுக்குப் போய்விடும்.

போன மாதம் வந்த ஐம்பத்திரண்டு வண்டிகளில் பத்தொன்பது அப்படிப் போயின.

"இந்த மாசமும் இப்படின்னா பெல்ட்டையே மூடிடுவாங்க, அக்கா," என்றார் மேற்பார்வையாளர்.

மறுநாள் ஒரே வண்டியில் எண்ணிப் பார்த்தாள். நானூற்றுப் பன்னிரண்டு ஸ்டிக்கர். அதில் நூற்று முப்பது தோல்களில் இரண்டிரண்டு ஸ்டிக்கர். எல்லாம் பச்சை முக்கோணம், அவள் புருஷன் ஸ்டிக்கர் மெஷின் ஓட்டும் பழ பேக்கிங் ஷெட்டின் அடையாளம். ஒரு ஆரஞ்சுத் தோலைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

"ஒரு பழத்துக்கு எதுக்குங்க ரெண்டு?"

அவர் காலை நீட்டிப் படுத்திருந்தார். "ஒரு தட்டுல நாலஞ்சு பழம் ஒட்டாம விட்டுப்போகும். அதைத் தேடிட்டு நின்னா லைன் நின்னுடும். தட்டோட மறுபடி மெஷின்ல ஓட்டிடுவோம்."

"நல்லா ஓட்டினீங்க. அந்த ரெண்டாவதைப் பிய்க்கத்தான் என்னைக் கட்டிக்கிட்டீங்களா?"

அவர் தோலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மறுநாளிலிருந்து விட்டுப்போன பழங்களைத் தேடியெடுத்துக் கையால் ஒட்டினார். தினமும் முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தார். கட்டைவிரல் தோல் உரிந்தது. ஷெட்டில் பேச்சும் வாங்கினார். அதை அவளிடம் நான்கு நாள் கழித்துத்தான் சொன்னார்.

மாதக் கடைசியில் கணக்கு வந்தது. குப்பைமேட்டுக்குப் போன வண்டிகள் ஏழு.

"சரி, ஓடட்டும்," என்றார் மேற்பார்வையாளர். அவ்வளவுதான்.

அன்று இருவரும் விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னைக்கு ஒரு வண்டியில எத்தனை?"

"எரநூத்தி எண்பத்தேழு."

"அதுல எங்க ஷெட்டோடது?"

"பாதி."

"பெட்டிக்கு ஒண்ணு ஒட்டினா போதும்னு யார்கிட்டயும் போய்ச் சொல்லிடாதே. அப்புறம் என் மெஷினுக்கு வேலையில்லாம நான் உன் பெல்ட்டுக்குத்தான் வரணும்."

"வாங்களேன்," என்றாள் கண்ணைக் கசக்கிக்கொண்டே. "எதிர்ப்பக்கம் ஆளில்லாமத்தான் கிடக்கு."