கார்ட் ஐயாவின் மூன்று படிகள்

கார்ட் ஐயாவை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் அந்தரத்தில் இருந்தார். கொட்டாஞ்சேனையில் அவருடைய வீட்டு வாசலில் இரண்டு ஓட்டோ சாரதிகள் அவரைச் சக்கர நாற்காலியோடு தூக்கிப் படியிறக்கிக்கொண்டிருந்தார்கள். வலக்கை செயலிழந்து மடியில் கிடந்தது. இடக்கையால் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக் கண்களை மூடியிருந்தார். சில்லுகள் நிலத்தைத் தொட்டதும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"மூட்டை இறக்கியாச்சு. நீங்கள்தானே கந்தோரில இருந்து வந்த தம்பி?"

ரயில்வேயில் முப்பது வருடத்துக்கு மேல் கார்டாக இருந்தவர். தெருவில் எல்லாருக்கும் அவர் கார்ட் ஐயாதான். பக்கவாதம் வந்த பிறகும் காலை பத்து மணிக்குச் சந்தித் தேநீர்க் கடைக்குப் போய்ப் பழைய சிநேகிதர்களோடு பேப்பர் வாசிப்பதை அவர் விடவில்லை. அதற்குத் தடையாக நின்றவை மூன்று உயரமான கருங்கல் படிகள். அவற்றை உடைத்துச் சீமெந்தில் ஒரு சாய்வுப் பாதை போட அவருடைய மனைவி விண்ணப்பித்திருந்தார். பழைய தெரு என்பதால் வீடுகளின் முகப்பில் எதை மாற்றுவதென்றாலும் மரபுக் கட்டடங்களைப் பாதுகாக்கும் எங்கள் அலுவலகக் குழுவின் அனுமதி வேண்டும். குழுவில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமாகாத கட்டடக் கலைஞன். பார்த்து அறிக்கை எழுத என்னை அனுப்பினார்கள்.

படிகள் உண்மையில் அழகானவை. கால்கள் பட்டுப் பட்டு நடுவில் சற்றுக் குழிந்து, மழை பெய்தால் மெல்லிய நீர்க்கோடு நிற்கும்படி தேய்ந்திருந்தன. அளந்தேன், படம் எடுத்தேன், குனிந்து உளித்தடங்களைத் தடவிப் பார்த்தேன். கார்ட் ஐயாவின் மனைவியை அன்ரி என்றுதான் கூப்பிட்டேன். அவர் உள்ளேயிருந்து பால் விடாத பிளேன்ரீ கொண்டுவந்து தந்து, "தம்பி, என்னெண்டு எழுதப் போறீங்கள்?" என்று கேட்டார்.

"பார்ப்பம், அன்ரி."

அன்று பின்னேரம் கோட்டை நிலையத்தில் ரயிலேறி வெள்ளவத்தைக்குத் திரும்பும்போது, கடற்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு படம் கீறினேன். படிகளை உடைக்கவே தேவையில்லை. சுவரோரமாக ஒரு பலகைப் பாதை, கல்லில் ஓர் ஆணிகூட அடிக்காமல், வேண்டாத நாளில் கழற்றி வைக்கக்கூடியதாக. வீடு வந்து சேர்வதற்குள் படம் முடிந்துவிட்டது. அவ்வளவு எளிதான வேலை அது.

ஆனால் அறிக்கையில் அதை நான் சேர்க்கவில்லை. அறிக்கை வேறு மாதிரி வளர்ந்துவிட்டது. கல் எங்கிருந்து வந்திருக்கும், அந்த வரிசையில் உடைபடாமல் எஞ்சியிருக்கும் படிகள் எத்தனை, அவை போனால் தெரு எதை இழக்கும் என்று நல்ல ஆங்கிலத்தில் நான்கு பக்கம் எழுதினேன். அதன் கடைசியில் ஒரு பலகைப் படத்தை ஒட்டினால் பெரியவர்கள் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். கூட்டத்தில் தலைவர் அறிக்கையைப் பாராட்டிவிட்டு, "வேறு வழி ஏதும் உண்டா?" என்று கேட்டார். படம் என் பையில் இருந்தது.

"இல்லை, சேர்," என்றேன்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இரண்டு வாரம் கழித்து அன்ரி அந்தக் கடிதத்தோடும் அறிக்கையின் பிரதியோடும் கந்தோருக்கு வந்தார். "இங்கிலிசு எனக்கு முழுக்க விளங்கேல்லை. நீங்கள் எழுதினதை நீங்களே தமிழில சொல்லுங்கோ." நான் எழுதிய நான்கு பக்கத்தையும் அவருக்கு முன்னாலிருந்து மொழிபெயர்த்தேன். ஆங்கிலத்தில் கம்பீரமாக இருந்த வசனங்கள் என் வாயில் ஒவ்வொன்றாகச் சிறுத்துப்போயின.

"படியைப் பற்றி வடிவா எழுதியிருக்கிறீங்கள், தம்பி," என்றார். "அவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையே."

அப்போதாவது பையைத் திறந்திருக்கலாம். மேல்முறையீடு செய்யலாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அவர் செய்யவில்லை.

ஐந்து மாதம் நான் அந்தத் தெருப்பக்கம் போகவில்லை. பிறகு ஒரு நாள், தாங்க முடியாமல், படத்தைத் திருத்தமாகக் கீறி நானே குழுவின் முன் வைத்தேன். ஐந்து நிமிடத்தில் அனுமதித்தார்கள். "இதை அன்றைக்கே காட்டியிருக்கலாமே," என்று தலைவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த விண்ணப்பத்தை எடுத்தார்.

அனுமதிக் கடிதத்தோடு போனபோது வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் விசாரித்தேன். ஓட்டோக்காரர்களில் ஒருவர் ஊருக்குப் போய்விட, மற்றவரால் தனியே தூக்க முடியாமல், கார்ட் ஐயா இரண்டு மாதமாக வெளியே இறங்கவே இல்லையாம். கடைசியில் மகள் வந்து ஹெவ்லொக் டவுனில் தன்னுடைய ஃபிளாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். விலாசம் வாங்கி அங்கே போனேன். ஏழாம் மாடியில், பால்கனிக் கதவருகே அவரை இருத்தியிருந்தார்கள். மெலிந்திருந்தார்.

"இஞ்ச லிஃப்ட் இருக்கு, தம்பி. என்னை ஒருத்தரும் தூக்கத் தேவையில்லை. ஆனா கீழ போனா ஆரோட கதைக்கிறது?"

கடிதத்தையும் படத்தையும் கொடுத்தேன். இடக்கையால் படத்தை முகத்தருகே பிடித்து, பலகை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் தொடர்ந்து போனார்.

"கெட்டிக்காரத்தனம். இது எப்ப கீறினது?"

"போன கிழமை, ஐயா."

அவர் மனைவியைக் கூப்பிட்டார். "இஞ்ச பாரும், தம்பி எங்களை மறக்கேல்லை. இவ்வளவு நாளும் யோசிச்சிருக்கிறார்." என்னுடைய கையைத் தன்னுடைய இடக்கையால் பிடித்து வெகுநேரம் விடாமல் வைத்திருந்தார்.

அவர்கள் கொட்டாஞ்சேனைக்குத் திரும்பவில்லை. அடுத்த மழைக்காலத்துக்குள் அவர் இறந்துவிட்டார். இன்று அதே குழுவில் நான் மூத்த அங்கத்தவன்; என்னுடைய அந்த முதல் அறிக்கையைப் புதிதாக வருபவர்களுக்கு மாதிரியாகக் கொடுக்கிறார்கள். கொடுக்க வேண்டாம் என்று சொல்ல நான் ஒரு காரணம் காட்ட வேண்டியிருக்கும்.

அவருடைய செத்தவீட்டில் அன்ரி வெளிநாட்டிலிருந்து வந்திருந்த தன் மகனிடம் என்னைக் காட்டி, "இவர்தான் அப்பாவுக்குப் பாதை கீறின தம்பி," என்றார். மகன் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

நான் தலையாட்டினேன்.