ஒன்பது பேருக்குப் பதினெட்டு ஸ்பூன்

ஊரில் பாதி வீட்டு சோபாக்களைப் பிரித்துத் தைத்தவருக்குத் தன் வீட்டு சோபாவைப் பிரிக்க மட்டும் பதினோரு வருஷமாக நேரம் வாய்க்கவில்லை. நடுவில் உட்கார்ந்தவர் பள்ளத்துக்குள் இறங்கிவிடுவார். எழுந்திருக்க யாராவது கை கொடுத்தாக வேண்டும். "ஊருக்கெல்லாம் மெத்து மெத்துனு தச்சுக் கொடுக்கறாரு, நாங்க குழிக்குள்ள உக்காந்து டிவி பாக்கறோம்" என்று அவர் மனைவி வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

தெருவில் அவருக்கு சோபாக்காரர் என்றுதான் பெயர். வீட்டை ஒட்டிய தகர ஷெட்டில்தான் பட்டறை. கூடவே வேலை பார்ப்பவர், குடும்பத்தோடு அதே வீட்டில் இருக்கும் தங்கையின் கணவர். இவர் அவரை மாப்பிள்ளை என்பார், அவர் இவரை மச்சான் என்பார். நாள் முழுக்க அந்த இரண்டு வார்த்தைகளும் ஸ்டேப்லர் சத்தமும்தான் ஷெட்டில் கேட்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையே அந்தப் பள்ளத்தில் விழுந்ததில், கையிலிருந்த செய்தித்தாள் கிழிந்துபோனது. "போதும் மச்சான், நம்ம மானம் போகுது" என்று எழுந்தவர், சோபாவைக் கூடத்தின் நடுவில் குப்புறக் கவிழ்த்து, அடியிலிருந்த கறுப்புத் துணியை ஒரே இழுப்பில் கிழித்தார். வீட்டில் ஒன்பது பேரும் அப்போது அங்கேதான் இருந்தார்கள்.

ஒரு சீப்பு விழுந்தது. பல் விளக்கும் பிரஷ் ஒன்று விழுந்தது. அதன் பிறகு மிட்டாய்க் காகிதங்கள் கொட்டத் தொடங்கின. சிவப்புக் காகிதம், மஞ்சள் கோடு. தங்கையின் இரட்டைப் பெண்கள் இரண்டும் தரையில் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தன. நானூற்றுப் பன்னிரண்டு.

அந்தக் காகிதம் யாருடைய சட்டைப் பையில் இருக்கும் என்பது வீட்டுக்கே தெரியும். டிவி பார்த்துக்கொண்டே மிட்டாயை வாயிலும் காகிதத்தை இருக்கை இடுக்கிலும் போட்டுவிடுவது சோபாக்காரரின் வழக்கம். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவருடைய அப்பாதான் ஜன்னலோர நாற்காலியிலிருந்து குரல் கொடுத்தார்.

"எலி வேலைனு மட்டும் சொல்லிடாதடா. எலி உரிச்சு சாப்பிடாது."

வீடே சிரித்தது. சோபாக்காரரும் சிரித்துத் தப்பிக்கப் பார்த்தார். மனைவி விடவில்லை.

"போன மாசம் டாக்டர் என்ன சொன்னாரு?"

"சர்க்கரை எல்லைக்கிட்ட வந்து நிக்குதுன்னாரு. உள்ள வரலைன்னும் சொன்னாரு."

"வாயைக் கொஞ்சம் கட்டுங்கன்னு சொன்னாரே, அது காதுல விழலையா?"

மறுநாளிலிருந்து அவருக்கு எல்லாம் நிறுத்தம். மிட்டாய் கிடையாது, பிஸ்கட் கிடையாது, டீயில் சர்க்கரை கிடையாது. வீட்டில் எட்டுப் பேரும் எட்டுக் காவல்காரர்களாக மாறினார்கள். அவருடைய ஒன்பது வயது மகன், பட்டறைக்குக் கிளம்பும் அப்பாவின் சட்டைப் பையைத் தினமும் தட்டிப் பார்த்து அனுப்பினான். இரட்டையர் வாசலில் நின்று, "மாமா, வாயைத் திறந்து காட்டுங்க" என்றார்கள். அவர் சர்க்கரை இல்லாத டீயை முகத்தை மூன்று கோணலாக்கிக் குடித்துவிட்டு, யாரிடம் பேசினாலும் எரிந்து விழுந்தார்.

வேலையிலும் கை ஓடவில்லை. சோபா வேலையில் சின்ன ஆணிகளை வாயில் ஒதுக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து அடிப்பார்கள். அவருக்கு இருபது வருஷமாக ஒரு கன்னத்தில் ஆணி, மறு கன்னத்தில் மிட்டாய். மறு கன்னம் காலியானதும் என்னவோ பாதி வாயைக் காணாமல் போட்டது போல இருந்தது. நான்காம் நாள் சாயங்காலம் ஒரு வாத்தியார் வீட்டு நாற்காலிக்குப் பூப்போட்ட துணி மாற்றி முடித்து, தள்ளி நின்று பார்த்தார். பூவெல்லாம் தலைகீழாகத் தொங்கின.

"மச்சான்" என்று மெதுவாகச் சொன்னார் மாப்பிள்ளை. "நீங்க வீட்டுக்குப் போங்க. நான் பிரிச்சுக்கறேன்."

வீட்டுக்கு இன்னும் யாரும் திரும்பியிருக்கவில்லை. அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். சோபாக்காரர் நேரே ஃபிரிட்ஜைத் திறந்து, கதவுக்குப் பின்னால் மறைந்து நின்று, ஜாம் பாட்டிலுக்குள் விரலை விட்டார். மூன்றாவது தடவை விரல் உள்ளே போனபோது பின்னால் குரல் கேட்டது.

"ஸ்பூன் வேணுமாப்பா?"

கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும் மகள். தோளிலிருந்து பையைக்கூட இறக்கவில்லை. அவர் விரலை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றார். அவள் ஒரு ஸ்பூனை எடுத்துக் கொடுத்துவிட்டு, சமையல் மேடைமேல் ஏறி உட்கார்ந்தாள்.

"ஒரே அடியா விட முடியலம்மா" என்றார் அவர். "யாரைப் பாத்தாலும் கடிச்சுக் குதறணும் போல இருக்கு."

"அதான் நாலு நாளா பாக்கறோமே."

அவர் பாட்டிலை மூடி உள்ளே வைத்தார். "நம்ம வீட்டு டீக்கு எவ்வளவு சர்க்கரை போடறாங்க?"

"ஒம்பது பேருக்குப் பதினெட்டு ஸ்பூன். அம்மா போட்டாலும் அத்தை போட்டாலும் அதே கணக்குதான். நீங்க அதுக்கு மேல உங்க டம்ளர்ல ரெண்டு போட்டுக்குவீங்க."

"பதினெட்டுல ஒண்ணு குறைஞ்சா யாருக்காவது தெரியுமா?"

மகள் அவரைப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு மெல்லப் பரவியது. "யாருக்கும் தெரியாது. ஆனா டீ போடறவங்களுக்குத் தெரியுமே."

"அப்ப நானே போட்டுட்டுப் போறேன்."

மறுநாள் விடியற்காலையில் சோபாக்காரர் அடுப்படியில் நிற்பதைப் பார்த்த மனைவி, முதலில் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அந்த அறைக்குள் வருவது தண்ணீர் குடிக்க மட்டும்தான். "காலையில எந்திரிச்சு என்ன செய்யறதுன்னு தெரியல, டீயாவது போடறேனே" என்றார். அன்றைக்கு டீ பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. இரண்டாம் நாள் வடிகட்ட மறந்தார். மூன்றாம் நாள் டீ வாய்க்கு வந்தது.

அந்த வீட்டின் காலை என்பது ஒரு சின்னப் பேருந்து நிலையம். குளியலறை ஒன்று, வரிசையில் ஒன்பது பேர். துணிக்கடையில் வேலை பார்க்கும் தங்கை ஏழு மணிக்குக் கிளம்புவாள், பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கும் மனைவி ஏழரைக்கு. இரட்டையரில் ஒருத்திக்கு ஒரு காலுறையைக் காணோம், இன்னொருத்திக்கு இரண்டையுமே காணோம். அந்தக் களேபரத்தில், பதினெட்டு பதினேழான வாரத்தை ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. இரண்டு வாரம் கழித்துப் பதினாறு. தன் டம்ளரில் யாருக்கும் தெரியாமல் தனியாகப் போடும் இரண்டு ஸ்பூனையும் அதே போல ஒன்றரை, ஒன்று, அரை என்று இறக்கினார்.

மிட்டாயை முழுசாக விடவில்லை. ஆணி டப்பாவின் மூடியில் காலையில் ஏழு மிட்டாய் எண்ணி வைப்பார். அன்றைக்கு அவ்வளவுதான். பத்து நாள் கழித்து ஆறு. வாய் சும்மா இருக்க மறுத்தால் கொஞ்சம் வேர்க்கடலை. கணக்கு மகளுக்கு மட்டும் தெரியும். டம்ளரைக் கழுவுகிற சாக்கில் பக்கத்தில் வந்து, "எத்தனை?" என்று அவள் கேட்பாள். "பதினஞ்சு" என்று அவர் உதட்டை அசைக்காமல் சொல்வார்.

எல்லாம் நேர்கோட்டில் போய்விடவில்லை. ஒரு வீட்டில் அளவெடுக்கப் போன இடத்தில், அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த கேக்கை அந்த அம்மா தட்டில் வைத்து நீட்டினாள். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தார், திறந்த வாய்க்குள் நாலு துண்டு போய்விட்டது. அன்று வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னபோது திருடிவிட்டு வந்தவர் போல இருந்தார்.

"இப்ப மிட்டாய் அஞ்சுல இருக்கீங்க இல்ல? ரெண்டு வாரத்துக்கு அதுலயே நில்லுங்க. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்" என்றாள் அவள். அவ்வளவுதான் தண்டனை.

ஆனால் அப்பா விஷயத்தில்தான் அவருக்கு மனசு உறுத்தியது. பதினான்கு ஸ்பூனுக்கு இறங்கிய வாரம், அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்லடா. நாக்கு செத்துப்போச்சு போல. எதைக் குடிச்சாலும் உறைக்க மாட்டேங்குது. வயசானா அப்படித்தான்."

சொன்னதோடு நிற்காமல், மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு டாக்டரிடமும் போய்விட்டார். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். அது வேப்பங்காய்க் கசப்பு. மூக்கைப் பிடித்துக்கொண்டு இருவேளையும் அதை அப்பா குடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் சோபாக்காரருக்கு உண்மை தொண்டை வரை வந்து நிற்கும். தாங்க முடியாமல் அந்த வாரம் மட்டும் மறுபடி பதினைந்து போட்டார். பிறகு மனதைக் கல்லாக்கிக்கொண்டு இறக்கினார்.

நாலு மாசம் ஆனபோது ஒன்பது பேருக்கு ஒன்பது ஸ்பூன். அவர் டம்ளரில் தனியாக எதுவும் இல்லை. ஆணி டப்பா மூடியில் இரண்டே மிட்டாய், சில நாள் அதில் ஒன்று சாயங்காலம் வரை அப்படியே கிடந்தது.

அந்தச் சமயம் பார்த்துப் பக்கத்து ஊர் நாடக அரங்கம் ஒன்றில் இருநூறு நாற்காலிகளுக்கு ரெக்சின் மாற்றும் வேலை வந்தது. மூன்று நாள் தங்கிச் செய்ய வேண்டும். சோபாக்காரரும் மாப்பிள்ளையும் கிளம்பிப் போனார்கள்.

மறுநாள் காலை, பிரித்துப் போட்ட நாற்காலிகளுக்கு நடுவில் அவர் மண்டியிட்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்ததும் ஒரே கூச்சல். ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்கள் என்று புரிந்தது.

"என்னங்க, ஒரு நியாயம் சொல்லுங்க" என்றது மனைவியின் குரல். "உங்க தங்கச்சி டீ போட்டிருக்கா. வாயில வைக்க முடியல. பாகு மாதிரி இருக்கு. கேட்டா ஒத்துக்க மாட்டேங்கறா."

"அண்ணே, நான் காலங்காலமா போடற கணக்குல ஏழு பேருக்குப் பதினாலுதான் போட்டேன்" என்றாள் தங்கை. அழுகைக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது குரல். "அண்ணி நான் கைதவறிக் கொட்டிட்டேன்னு சொல்றாங்க. பசங்க துப்புதுங்க."

இடையில் அப்பாவின் குரல் உற்சாகமாக நுழைந்தது. "டேய், இவங்க கெடக்கறாங்க. எனக்கு நாக்கு வந்துடுச்சுடா. டானிக் வேலை செஞ்சுடுச்சு. டீ என்னமா இனிக்குதுங்கற."

சோபாக்காரர் அங்கேயே ஒரு நாற்காலிச் சட்டத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார். வாயிலிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். எதிரில் மாப்பிள்ளை சுத்தியலோடு வேடிக்கை பார்த்தார்.

"தங்கச்சி மேல தப்பு இல்ல" என்றார். "ஆளுக்கு ரெண்டுதான் பழைய கணக்கு. நான் இப்ப ஆளுக்கு ஒண்ணுதான் போடறேன்."

மறுமுனையில் யாரோ டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"ரெண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பூன் குறைச்சுட்டே வந்தேன். எனக்குத் தனியா குறைச்சா நீங்கெல்லாம் என் டம்ளரையே பாத்துட்டு இருப்பீங்க. அதான் மொத்தமா…"

"நாலு மாசமாவா?" என்றாள் மனைவி.

"நாலு மாசமா."

"யாருக்குமே தெரியாதா?"

இவர் பதில் சொல்வதற்குள் அங்கே மகள் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். "நீயுமாடி?" என்று மனைவியும் தங்கையும் ஒரே நேரத்தில் கேட்டது இங்கே வரை வந்தது. இரட்டையரில் ஒருத்தி போனுக்குக் கிட்டே வந்து, "மாமா, எங்க டம்ளர்லயுமா?" என்றாள். "உங்க டம்ளர்லயும்தான்" என்றார் அவர்.

"அப்ப" என்றார் அப்பா நிதானமாக, "என் நாக்கு எங்கயும் போகல."

"போகலப்பா."

"அந்தக் கண்ராவி டானிக்க ரெண்டு பாட்டில் குடிச்சேனேடா."

தங்கைதான் முதலில் சிரித்தாள். பிறகு மனைவி. அதற்குப் பிறகு யார் சிரிக்கிறார்கள், யார் திட்டுகிறார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இந்தப் பக்கம் மாப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு வரிசைகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் காலி அரங்கத்தில் அவர் சிரிப்பு எதிரொலித்தது.

மூன்றாம் நாள் வீடு திரும்பியவரை வாசலிலேயே நிறுத்தி விசாரணை வைத்தார்கள். தீர்ப்பு எளிதாகத்தான் இருந்தது. டீயில் ஒன்பதே போடுவது. வேண்டியவர்கள் போட்டுக்கொள்ள மேஜைமேல் ஒரு சர்க்கரைக் கிண்ணம் வைப்பது. காலை டீயை இனிமேலும் அவரேதான் போடுவது. கடைசி ஷரத்து மனைவியுடையது. நாலு மாசமாகக் காலையில் அவளுக்குக் கூடுதலாக அரை மணி நேரத் தூக்கம் கிடைத்திருக்கிறது. உலகமே புரண்டாலும் அதை மட்டும் விட்டுத்தரப் போவதில்லை என்று சொல்லிவிட்டாள்.

முதல் நாள் அப்பா கிண்ணத்தை இழுத்து, எல்லோரும் பார்க்கும்படி இரண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கினார். ஒரு வாய் குடித்தார். முகம் கொஞ்சம் மாறியது. ஆனாலும் ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தார். மறுநாள் ஒன்று போட்டார். அதற்கடுத்த நாள் கிண்ணத்தைத் தொடவில்லை. கேட்டதற்கு, "ஸ்பூன் ஈரமா இருந்துச்சு" என்றார்.

டாக்டரிடம் ரத்தச் சோதனையைக் காட்டியபோது, சர்க்கரை எல்லையிலிருந்து நன்றாகவே பின்னால் நகர்ந்திருக்கிறது, இப்படியே போங்கள் என்று சொல்லி அனுப்பினார். எப்படிச் செய்தீர்கள் என்று அவர் கேட்டதற்கு, "டீ போடக் கத்துக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தார் சோபாக்காரர்.

மகளுக்கு வேலை கிடைத்த அன்று ஒரு பெரிய கேக் வாங்கிக்கொண்டு வந்தாள். மேலே பூப்பூவாக க்ரீம். ஒன்பது பேரும் மேஜையைச் சுற்றி நின்றார்கள். முதல் துண்டைச் சோபாக்காரருக்குக் கொடுத்தாள். அவர் மறுக்கவில்லை. க்ரீமோடு சேர்த்து, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். "நல்லா இருக்கும்மா" என்றார். பிறகு தட்டைக் கொண்டுபோய்க் கழுவி வைத்துவிட்டு வந்து, மகளின் வேலைக்கடிதத்தை வாங்கி நின்றபடியே இரண்டு தடவை படித்தார்.

மனைவி மூன்று துண்டு சாப்பிட்டாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.