சோற்றில் குத்திய கரண்டி

தொண்ணூறுகளில் எனக்கு ஆயர் குரோவில் கம்பெனி வேலை. பக்கத்துக் கடை வரிசையில் ஒரு கொரியக்கார அக்கா சாப்பாட்டுக்கடை போட்டிருந்தார். நீளமாக ஒரு மேசை, வரிசையாக முக்காலிகள், அவ்வளவுதான். மத்தியானத்தில் இடம் பிடிக்கவே சண்டை போட வேண்டும்.

ஒருநாள் பாதிச் சாப்பாட்டில் கையெல்லாம் குழம்பாகிவிட்டது. கழுவ எழுந்தேன். எச்சில் கரண்டியை நாலு பேர் சாப்பிடும் மேசையில் வைப்பேனா? அம்மா வளர்ப்பு அப்படி. சோற்றிலேயே செங்குத்தாகக் குத்திவிட்டுப் போனேன்.

திரும்பி வந்தால் சாப்பிட்டுக்கொண்டிருந்த கொரியர்கள் எல்லாரும் என் முக்காலிக்கு முதுகைக் காட்டி நின்றார்கள்.

"செத்தவங்களுக்குத்தான் கரண்டியை அப்படிக் குத்துவோம். நீ அவங்களைக் கூப்பிட்டுட்டே. சாப்பிட்டுப் போகட்டும், திரும்பிக்கோ," என்று அக்கா மலாயில் கிசுகிசுத்தார்.

எனக்குக் கோபம் வந்தது. லன்ச் டைமே கொஞ்சம்தான் லா, பேய் சாப்பிட்டு முடிக்கிறவரைக்குமா நிற்பது? ஆனாலும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

எங்கள் வீட்டிலும் அப்பாவுக்குப் படையல் போட்டதும் கதவைச் சாத்திவிடுவோம். திறக்கும் முன்னால் அம்மா லேசாக இருமுவார். சாப்பிடுகிறவர் எழுந்து போக நேரம் கொடுக்க வேண்டுமாம்.

கொஞ்ச நேரத்தில் என் முதுகுக்குப் பின்னால் லேசாக ஓர் இருமல் கேட்டது. இவர்களுக்கும் இதே வழக்கமா என்று ஆச்சரியப்பட்டு அக்காவைப் பார்த்தேன். அவர் என்னை முறைத்துக்கொண்டிருந்தார்.

"நான்தானே இருமணும்? நீ ஏன் இருமினே?"