சாந்தியின் பெயரை வெட்டியவன்

இன்று மனைவி சாந்தியோடு ஈப்போவில் ஒரு படம் பார்த்தேன். ஆண்களுக்கு அடங்கியே கிடந்த கிராமத்துப் பெண்கள் நடனம் ஆடி விடுதலை அடையும் கதை.

வெளியே வந்து கடையில் தே தாரிக் டீ குடிக்கும்போது நானே ஆரம்பித்தேன். "பொண்டாட்டிய ஆட விடாம தடுக்குறானே, அவனெல்லாம் மனுசனா லா?"

சாந்தி என்னையே பார்த்தாள். "ஆயர் தாவார் ரப்பர் தோட்டத்துல நான் ஆடப் பேர் குடுத்தேனே, ஞாபகம் இருக்கா?"

இல்லை என்றேன்.

"மூத்தவன் பொறந்த மறுவருசம். தீபாவளி கலைநிகழ்ச்சிக்கு அஞ்சு பொம்பளைங்க சேந்தோம். பால்மரம் வெட்டி, பால் எடுத்து முடிச்சு மத்தியானத்துல பழகுனோம். நீங்கதான் ஆபீஸ் கிராணிகிட்ட போயி என் பேர வெட்டச் சொன்னீங்க."

அப்போதுதான் நினைவு வந்தது. "என் பொண்டாட்டி ஊர் முன்னாடி ஆட மாட்டா!" என்று தோட்டத்து ஆபீஸ் வாசலில் கத்தியவன் நான்தான். எண்பதுகளில் நடந்தது. இத்தனை வருடமாக அது என் நினைவிலேயே இல்லை என்பதுதான் பெரிய வெட்கம்.

"அப்புறம் என்ன ஆச்சு?"

"மத்த நாலு பேரும் ஆடுனாங்க. நான் பிள்ளையத் தூக்கிக்கிட்டுக் கடைசியில நின்னு பாத்தேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"வீட்டுக்கு வந்து அழுதேன். நீங்க தலைவலி மாத்திரை குடுத்தீங்க."

"மன்னிச்சிரு சாந்தி" என்றேன். அவள் மிச்ச டீயைக் குடித்து முடித்தாள்.

படம் முடிந்த கையோடு அதைப் புகழ்ந்து இங்கே ஃபேஸ்புக்கில் எழுதியிருந்தேன். 'பெண்களை மதிக்கும் அண்ணே' என்று கமெண்ட் போட்டவர்கள், தயவுசெய்து வந்து அழித்துவிட்டுப் போங்கள்.