தறி நின்ற அரைமணி நேரம்

சங்கரன்கோவிலில் தறி ஓடும் தெருக்களில் தூசி அளப்பது என் வேலை. "தூசிய அளக்கதுக்கு ஒரு ஆளா மைனி?" என்று என் கொழுந்தனே சிரித்திருக்கிறான். "போலே, ஒனக்கு என்ன தெரியும்" என்று விட்டுவிடுவேன்.

சென்னையில் உள்ள ஓர் அறக்கட்டளை, பிள்ளைகளுக்கு வரும் மூச்சிழுப்பை ஆராய ஒரு டாக்டருக்குப் பணம் கொடுத்தது. வீட்டுக்குள்ளேயே விசைத்தறி ஓடும் வீடுகளில் இழுப்பு ஏன் அதிகம் என்று கண்டுபிடிக்க வேண்டும். டிபன் டப்பா அளவில் ஒரு பெட்டி. அரைமணி நேரம் வீட்டில் வைத்தால் காற்றில் எவ்வளவு தூசி என்று காட்டும். நானும் இன்னொரு பெண்ணும் வாரம் ஒருமுறை வீடு வீடாகப் போவோம். என் வீடும் பட்டியலில் உண்டு. என் மகளுக்கு ஏழு வயது. மூன்று வயதிலிருந்து இழுப்பு. கோயில் புற்றுமண்ணைக் கரைத்துக் கொடுத்தாயிற்று, திருநெல்வேலி வரை போய்க் காட்டியாயிற்று. அவளுக்காகத்தான் இந்த வேலைக்கே வந்தேன். சொந்த வீட்டில் நானே அளக்கக் கூடாது என்பதால் அந்தப் பெண் வருவாள்.

ஒரு வருடம் முடியப் போகிற சமயம் டாக்டர் கூப்பிட்டார்.

"எந்த வீட்டிலயும் பெரிசா தூசி இல்லம்மா. இதோட நிறுத்திக்கலாம்னு டிரஸ்ட்ல சொல்றாங்க."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "தூசி இல்லாமத்தான் எம்பிள்ள மூச்சுக்குத் தவிக்காளா சார்? ஒங்க பெட்டியத் தூக்கிக் குப்பையில போடுங்க" என்று கத்திவிட்டு வந்துவிட்டேன். தெருவுக்கு வந்தபின்தான் உறைத்தது. இதுவும் நின்றுபோனால், இவளுக்கு ஏன் இழுக்கிறது என்று கேட்க ஆளே கிடையாது.

மறுநாள் ஒரு வீட்டில் அளந்துவிட்டுத் தெருமுனை வரை போனவள், குடையை அங்கேயே மறந்துவிட்டதால் திரும்பினேன். உள்ளே தறி தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மாவு சலித்த மாதிரி பஞ்சு பறந்தது. அந்த வீட்டு அக்கா என்னைக் கண்டதும் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தாள்.

"ஏன்க்கா நிறுத்துதிய?"

"நல்லாருக்கே! வீட்டுக்கு ஆள் வந்தா தறிய ஓட விட்டுட்டா உக்காந்திருப்பாவ? ஒரு பேச்சு கேக்குமா?"

எங்கள் பக்கம் அப்படித்தான். ஆள் வந்தால் தறியை நிறுத்துவோம், தண்ணீர் தெளித்துக் கூட்டுவோம், அப்புறம்தான் காபி. அந்தப் பெண் என் வீட்டுக்கு வரும் கிழமையில் நானே காலையில் எழுந்து துடைத்து வைத்திருக்கிறேன். ஒரு வருடமாக, நிறுத்தி வைத்த தறியைப் போய் அளந்திருக்கிறோம். கூறுகெட்டவளே என்று என்னையே திட்டிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன்.

அவர் அந்த ஒரு வருடத்துக் கணக்கை ஒதுக்கி வைத்தார். பிறகு தப்பு எங்கள் பக்கம்தான் என்று டிரஸ்ட்டுக்கு எழுதினார். இன்னும் ஒரு வருடம் கொடுத்தார்கள். அன்றிலிருந்து வீடு வீடாக, "தறிய நிறுத்தாதீய, கூட்டாதீய" என்று கெஞ்ச வேண்டியதாயிற்று. வந்த ஆளை மதிக்காத மாதிரி ஆகிறதே என்று சிலருக்கு வருத்தம்.

அடுத்த வாரம் அந்தப் பெண் என் வீட்டுக்கு வந்தாள். பெட்டியை வைத்தாள். என் வீட்டுக்காரர் தறியை ஓட்டிக்கொண்டே இருந்தார். மூலையில் எழுதிக்கொண்டிருந்த மகள் எழுந்து என்னிடம் வந்தாள்.

"யம்மா, அக்கா வந்துட்டாவல்லா. தறிய நிறுத்தச் சொல்லு."

"இன்னைக்கு நிறுத்தக் கூடாது மக்கா."

"அக்கா வார அன்னைக்குத்தான எனக்குக் கொஞ்ச நேரம் நல்லா மூச்சு வரும்?"

அந்தப் பெண் தலை குனிந்துகொண்டாள். பெட்டியில் எண் ஏறிக்கொண்டே போனது. அந்த அரைமணி நேரமும் நான் என் மகள் முகத்தைப் பார்க்கவில்லை.